அவுரி நீலத்தின் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் ஒரு துணிக்குத் தனி மரியாதை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கினே' என்றார்கள். பருத்தி நூல், அடர்ந்த நீலச் சாயம். அந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வேலம்பிசின் வியாபாரத்தில் அதுதான் நாணயம். இத்தனை மூட்டைப் பிசினுக்கு இத்தனை கினே என்று விலை பேசினார்கள்.

அந்த நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. இலை பச்சையாகத்தான் இருக்கும். நீலம் அதில் எங்கும் தெரியாது. இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள இண்டிகன் என்ற பொருள் உடைந்து இண்டாக்சில் பிரிகிறது. அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கிக் காற்றுப் படவிட்டால், இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இண்டிகோவாகி நீலச் சேறாக அடியில் படிகின்றன. இந்தச் சேறு தண்ணீரில் கரையாது. கரையாத பொருளை நூலுக்குள் ஏற்ற முடியாது. அதற்காகச் சாயக்காரர்கள் சுண்ணாம்பு, தகரை விதை, வெல்லம் என்று சேர்த்துத் தொட்டியைப் புளிக்க வைத்தார்கள். புளித்த தொட்டியில் நீலம் மறைந்து, கரையக்கூடிய மஞ்சள் பச்சையாகிவிடும். துணியை முக்கி எடுக்கும்போது அது மஞ்சள் பச்சையாகவே வெளியே வரும். காற்றுப் பட்டதும் ஓரங்களிலிருந்து தொடங்கிக் கண்ணெதிரே நீலமாகும். ஆரோவில்லில் இயற்கைச் சாயம் போடும் இடத்தில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

புதுச்சேரிக்கும் சாயத்துக்கும் உள்ள உறவு கினேவைவிடப் பழையதாகவும் இருக்கலாம். 1945இல் ஊரை ஒட்டிய அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகள் என்று கருதினார்.

இத்தனை காலம் நீலத்தை எடுத்தார்கள், விற்றார்கள், உடுத்தினார்கள். நீலம் ஏன் நீலமாக இருக்கிறது? இந்தக் கேள்விக்கு வேதியியல் கூடம் மட்டும் பதில் சொல்லவில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் 1883இல் இண்டிகோவின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார். 1897இல் பாஸ்ஃப் நிறுவனம் அதை ஆலையில் செய்து விற்கத் தொடங்கியது. அவுரி வயல்கள் சுருங்கின. மூலக்கூறில் எந்த அணு எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அந்த அமைப்பு ஏன் செம்மஞ்சள் ஒளியை விழுங்கி நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பது தெரியவில்லை. அதற்கு எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கணக்குப் போட வேண்டும். வேதியியலும் கணினியும் சேர்ந்த படிப்பு பிறந்தது இந்த இடத்தில்தான்.

எலக்ட்ரான்களுக்கான சமன்பாட்டை எர்வின் ஷ்ரோடிங்கர் 1926இல் எழுதிவிட்டார். வேதியியலில் நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு சமன்பாட்டுக்குள் அடக்கம். தீர்ப்பதுதான் சிக்கல். இண்டிகோவில் 16 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். மொத்தம் 30 அணுக்கள், 136 எலக்ட்ரான்கள். ஒவ்வோர் எலக்ட்ரானும் எங்கே இருக்கிறது என்று சொல்ல நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள் வேண்டும். ஆக, விடையாக வரும் அலைச்சார்பு 408 எண்களைப் பொறுத்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் பத்தே பத்து மதிப்புகளை எடுத்துக்கொண்டு அந்த விடையை அட்டவணையாக எழுத நினைத்தால், 1-க்குப் பின்னால் 408 சுழியங்கள் போட்ட அளவுக்குக் கட்டங்கள் தேவை. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கு 1-க்குப் பின்னால் ஏறக்குறைய 80 சுழியங்கள் போட்டால் போதும். பிரபஞ்சம் முழுவதையும் காகிதமாக்கினாலும் ஒரு சாய மூலக்கூறின் முழு விடையை எழுத இடம் போதாது. இதை முதன்முதலில் உணரும் மாணவருக்கு ஏற்படும் திகைப்பு நல்ல திகைப்பு. அந்த மூலக்கூறுக்கு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. அது பாட்டுக்கு நீலமாக இருந்துகொண்டிருக்கிறது.

முழுமையாகத் தீர்க்க முடியாததை எப்படி நெருங்குவது? வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் ஆடி வெள்ளியன்று அந்தக் கூட்டத்தில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாம் வைக்கும் ஒவ்வோர் அடியும் சுற்றியிருப்பவர்களைப் பொறுத்தது. அவர்கள் அடியும் நம்மைப் பொறுத்தது. ஒவ்வொருவரையும் கவனித்து நடக்க முடியாது. கூட்டம் பொதுவாக எந்தப் பக்கம் நெருக்குகிறது என்று பார்த்து நகர்கிறோம். 1928இல் டக்ளஸ் ஹார்ட்ரீ எலக்ட்ரான்களுக்குச் செய்ததும் இதுவே. மற்ற எல்லா எலக்ட்ரான்களின் சராசரி நெருக்கத்தை வைத்து ஒரு எலக்ட்ரானின் நிலையைக் கணக்கிடு; அந்த விடையால் சராசரி மாறும்; புதிய சராசரியை வைத்து மறுபடி கணக்கிடு; இனி மாறாது என்ற நிலை வரும்வரை சுற்றிக்கொண்டே இரு. இந்தக் கணக்குகளைப் போட ஹார்ட்ரீக்கு உதவியவர் பணி ஓய்வு பெற்ற அவருடைய தந்தை. பின்னால் மான்செஸ்டரில் ஹார்ட்ரீயும் அவர் மாணவரும் மெக்கானோ விளையாட்டுச் சாமான்களைக் கோத்தே ஒரு கணக்கிடும் இயந்திரம் செய்தார்கள். கணினி வருவதற்கு முன்பே அதன் தேவை வந்து காத்திருந்தது.

இரண்டாவது வழி இன்னும் துணிச்சலானது. வால்டர் கோன் என்ற இயற்பியலாளர் 1963–64இல் விடுப்பில் பாரிசின் எக்கோல் நோர்மாலில் தங்கியிருந்தபோது, பியர் ஹோஹன்பெர்க்குடன் சேர்ந்து ஒரு தேற்றத்தை நிறுவினார். 136 எலக்ட்ரான்களையும் தனித்தனியே பின்தொடர வேண்டாம். வெளியில் எந்தப் புள்ளியில் எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும், மூலக்கூறின் அடிப்படை நிலை ஆற்றல் முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது என்பது அந்தத் தேற்றம். 408 எண்கள் போய் மூன்று எண்கள். அடர்த்தியை ஆற்றலாக மாற்றும் சரியான சூத்திரம் மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஏறத்தாழச் சரியான சூத்திரங்கள் நிறைய இருக்கின்றன. 1998ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைக் கோனும் ஜான் போப்பிலும் பகிர்ந்துகொண்டார்கள். போப்பில் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1970இல் அவர் குழு வெளியிட்ட 'காஸியன்' நிரல், இந்தக் கணக்குகளைச் சாதாரண வேதியியலாளரின் மேசைக்குக் கொண்டுவந்தது. ஒரு இயற்பியலாளரும் ஒரு கணிதக்காரரும் வேதியியல் பரிசு வாங்கியதை வேதியியல் துறையே கொண்டாடியது.

இதையெல்லாம் படிக்க எங்கே தொடங்குவது? நம் கல்லூரி மாணவர்கள் பலருக்குத் தெரியாமலே அவர்கள் பாடத்திட்டத்தில் அது தொடங்கியிருக்கிறது. பி.எஸ்சி. வேதியியலில் துணைப் பாடமாகக் கணிதம் எடுத்தவர்கள் அணிகளையும் ஐகன் மதிப்புகளையும் படிக்கிறார்கள். பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்ற குவாண்டம் பாடத்தை வேறொரு தாளில் படிக்கிறார்கள். சி அல்லது பைத்தான் நிரலாக்கம் மூன்றாவது அறையில் நடக்கும். மூன்றும் ஒரே பொருள் என்று சொல்லிக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகல் பல கல்லூரிகளில் வாய்ப்பதே இல்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

அந்தப் பிற்பகலில் செய்ய வேண்டியது இதுதான். பியூட்டாடையீன் என்ற சிறு மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கார்பன்கள் வரிசையாக நிற்கின்றன. நான்குக்கு நான்கு கட்டம் வரையுங்கள். அடுத்தடுத்த கார்பன்கள் சந்திக்கும் கட்டத்தில் 1, மற்ற எல்லாக் கட்டங்களிலும் 0. எரிக் ஹூக்கல் 1931இல் தந்த எளிய முறை இவ்வளவே. இந்த அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்கப் பைத்தானில் நான்கைந்து வரிகள் போதும். விடை 1.618, 0.618, அவற்றின் எதிர்ம மதிப்புகள். எலக்ட்ரான்கள் நிற்கக்கூடிய நான்கு படிகளின் உயரம் இவை. கணிதம் பிடித்த மாணவர் இங்கே நிமிர்ந்து உட்காருவார்; 1.618 என்பது பொன் விகிதம். சூரியகாந்திப் பூவின் விதைச் சுழலில் பார்க்கும் அதே எண் நான்கு கார்பன்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

எலக்ட்ரான் நிறைந்த மேல்படிக்கும் காலியாக உள்ள கீழ்ப்படிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு கார்பன் கொண்ட எத்திலீனில் அந்த இடைவெளி 2 அலகு. பியூட்டாடையீனில் 1.236. ஆறு கார்பன் வரிசையில் 0.890. சோதனைச்சாலையில் அளந்த உறிஞ்சல் அலைநீளங்கள் முறையே 171, 217, 258 நானோமீட்டர். இடைவெளி குறையக் குறைய அலைநீளம் ஏறுகிறது. மூன்றுமே புற ஊதா, கண்ணுக்கு நிறமில்லை. வரிசையை 22 கார்பன்களுக்கு நீட்டினால் இடைவெளி 0.273 ஆகச் சுருங்கும். அந்த நீளத்தில் இருப்பது கேரட்டின் கரோட்டீன். அது 450 நானோமீட்டர் அருகே நீல ஒளியை விழுங்குவதால் நமக்கு ஆரஞ்சாகத் தெரிகிறது. நான்கைந்து வரி நிரலிலிருந்து கேரட்டின் நிறம்வரை ஒரே மூச்சில் வந்துவிடலாம்.

இந்த வரிசையில் அவுரியை வைத்துப் பார்த்தால் கணக்கு இடறுகிறது. இண்டிகோ சிறிய மூலக்கூறு. நீண்ட சங்கிலி எதுவும் அதில் இல்லை. சங்கிலிக் கணக்குப்படி அது கரோட்டீனைவிடக் குறைந்த அலைநீளத்தில்தான் உறிஞ்ச வேண்டும். ஆனால் கரைசலில் அது 600 நானோமீட்டருக்கு மேல் உறிஞ்சுகிறது. 1960களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஓரத்து பென்சீன் வளையங்களின் அமைப்பைக் கலைத்த மூலக்கூறுகளைச் செய்தார்கள். கூடவே கணக்கும் போட்டார்கள். நிறத்தின் வேர் நடுவில் இருப்பது தெரியவந்தது. மையத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு. அதன் இரு முனைகளிலும் எலக்ட்ரானைத் தள்ளும் நைட்ரஜன் ஒன்று, இழுக்கும் கார்பன்-ஆக்சிஜன் ஜோடி ஒன்று. எச் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் குறுக்கே பின்னிய இந்தத் தள்ளலும் இழுப்பும்தான் படிகளை இவ்வளவு நெருக்கமாக்குகின்றன. கூடத்தில் செய்த மூலக்கூறும் காகிதத்தில் போட்ட கணக்கும் சேர்ந்தே இந்தப் பதிலைத் தந்தன. ஒன்றை விட்டு மற்றொன்றால் வந்திருக்காது.

அவுரி இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. இண்டிகோவைச் சூடாக்கி ஆவியாக்கினால் ஆவி செவ்வூதா நிறம். 540 நானோமீட்டர் அருகே உறிஞ்சுகிறது. அதே மூலக்கூறு கரைசலில் நீலம், திண்மமாக இருக்கும்போது உறிஞ்சல் இன்னும் அதிக அலைநீளத்துக்கு நகர்கிறது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. வெற்றிடத்தில் தனியாக நிற்கும் மூலக்கூறுக்குக் கணக்குப் போட்ட மாணவர், துணியின் நீலம் வரவில்லையே என்று நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார். அவர் தேட வேண்டியது மூலக்கூறின் சூழலை. கரைப்பானையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் இருக்கின்றன. சேர்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டும்.

பிசகின் அளவையும் சொல்லிவிட வேண்டும். நிறத்தைக் கணிக்க இன்று பரவலாகப் பயன்படும் முறைகளில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் பிழை வருவது சாதாரணம். கேட்கச் சிறிய எண். 600 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் 2.07 எலக்ட்ரான் வோல்ட். இதில் 0.2 கூடினால் உறிஞ்சல் 546 நானோமீட்டருக்கு வந்து, துணி செவ்வூதாவாகத் தெரியும். 0.2 குறைந்தால் 663 நானோமீட்டருக்குப் போய் நீலம் கலந்த பச்சையாகும். கணினி எண்ணை எட்டுத் தசம இடங்களுக்குத் திருத்தமாக அச்சிடும். அதில் முதல் தசமமே சந்தேகத்துக்குரியது என்று படிக்கத் தெரிந்தவரே கணினி வேதியியலாளர். இன்னும் துல்லியமான முறைகள் உண்டு. அவற்றில் மிகவும் நம்பப்படும் ஒன்றில் மூலக்கூறின் அளவு இரு மடங்கானால் கணக்கு வேலை 128 மடங்காகும்.

வெயிலில் காய்ந்தாலும் அவுரி நீலம் சட்டென்று வெளுப்பதில்லையே, அதற்கும் காரணம் கிடைத்திருக்கிறது. மூலக்கூறுக்குள் நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன், பக்கத்து ஆக்சிஜனை நோக்கியே நிற்கிறது. ஒளியை விழுங்கியதும் அந்த ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் தாவுகிறது. வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பைக்கோ நொடி. இந்தப் போக்குவரத்து சில நூறு பைக்கோ நொடிக்குள் முடிந்துவிடுவதால், மூலக்கூறு உடைய அவகாசமே இல்லை. லேசர் அளவீடுகளும் கணக்குகளும் சேர்ந்து காட்டிய படம் இது. அந்த இரு ஹைட்ரஜன்களையும் எடுத்துவிட்டு மீத்தைல் தொகுதிகளை வைத்தால் தாவ எதுவும் இல்லை. ஒளி பட்டதும் மூலக்கூறு தன் வடிவத்தையே முறுக்கி மாற்றிக்கொள்கிறது. பலமுறை வெயிலில் காய்ந்த சட்டை சட்டென்று வெளுக்காமல் இருப்பதற்குப் பின்னால் இத்தனை வேகமான ஒரு தற்காப்பு இருக்கிறது.

இந்தக் கலப்புப் படிப்பு நமக்கு மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைத்தால் அது தவறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952இல் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று முன்வைத்தார்கள். மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று வெளிநாட்டிலிருந்து ஆட்சேபம் வந்தது. எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் சொல்வது? ராமச்சந்திரன் அதற்கே விடை தேடினார். அதுவரை அளக்கப்பட்ட படிகங்களிலிருந்து அணுக்களின் நெருக்க எல்லைகளைத் தொகுத்தார்கள். பிறகு புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கோண ஜோடியில் அணுக்கள் மோதும், எதில் மோதாது என்று மேசைக் கணக்குப் பொறிகளை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடத்தில் முக்கால் பங்குக்கு மேல் தடைசெய்யப்பட்ட இடம். புரதங்கள் எஞ்சிய சிறு தீவுகளுக்குள்தான் வாழ முடியும். இன்று உலகில் எந்தப் புரதத்தின் கட்டமைப்பைப் பொதுத் தரவகத்தில் சேர்த்தாலும், ராமச்சந்திரன் வரைபடத்தில் அது எங்கே விழுகிறது என்ற சோதனையும் கூடவே அறிக்கையாகும். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிசும் ஜான் ஜம்பரும் 2024 நோபல் வேதியியல் பரிசில் பங்கு பெற்றார்கள். அவர்கள் நடந்த பாதையின் ஒரு கல் சென்னை கிண்டியில், ராமச்சந்திரனின் துறையில் செதுக்கப்பட்டது.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வேதியியல், கணினி அறிவியல், உயிர்த் தகவலியல் ஆகிய மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ளன. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்ற மீக்கணினி நிறுவப்பட்டது. ஒரு நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள் போடும் திறன் அதற்கு. தொடக்கத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியில் சை4, ஆர்டிகிட், அவகாட்ரோ போன்ற நிரல்கள் இலவசமாக ஓடும். ஓர்கா கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். இணைய வசதி இருந்தால் கூகுள் கோலாப்பில் மடிக்கணினியின் சக்திகூடத் தேவைப்படாது. பைத்தானும் லினக்சும் பழக வேண்டும். அணிகளை மறக்காமல் இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு மட்டம் போடக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நான் முதலாவதாகவே வைப்பேன். சாயத் தொட்டியில் கைவிட்டவருக்கும் நிறமாலைமானியில் ஒரு வளைவைத் தானே எடுத்தவருக்கும் கணினி தரும் எண் உயிருள்ளதாகத் தெரியும்.

பிள்ளை வேதியியல் எடுக்கிறேன் என்றால் 'கம்ப்யூட்டர் எடு, வேலை கிடைக்கும்' என்று திருப்பிவிடும் பெற்றோர் நம்மில் அதிகம். மருந்து மூலக்கூறுகளைத் தேடும் ஹைதராபாத், பெங்களூரு நிறுவனங்களுக்கும் மின்கலப் பொருள்களைத் தேடும் ஆய்வகங்களுக்கும் இரண்டும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். நிரல் எழுதத் தெரிந்து வேதியியல் தெரியாதவர், செவ்வூதா ஆவிக்குப் போட்ட கணக்கை நீலத் துணியோடு ஒப்பிட்டுவிட்டு எந்தத் தவறும் இல்லாத நிரலைத் திருத்திக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இரண்டையும் படிக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் அணிகள் பாடம் வரும்போது அந்த நான்குக்கு நான்கு கட்டத்தைக் கரும்பலகையில் போட்டு, ஐகன் மதிப்பை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1.618 வந்த பிறகு கரோட்டீனைச் சொல்லுங்கள். அவுரியை அவர்களே கேட்பார்கள்.